உயிரோடிருந்த ஒரே கமிட்டி உறுப்பினர்

ஏழு பேர் கொண்ட கட்சிக் கமிட்டியில் உயிரோடிருந்தவர் வைரக்கண்ணு மட்டுமே. இறந்த ஆறு பேரும், பழைய கூட்ட ஒலிப்பதிவுகளிலிருந்து கணினி செய்த குரல்களாக மேசைமேல் ஸ்பீக்கர் பெட்டிகளில் இருந்துகொண்டு, இன்னமும் இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டார்கள். எதிர்க்கோஷ்டித் தலைவி அவர் மனைவி அஞ்சுகம். இருந்தவரை, கூட்டத்தில் அவரைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, அவர் சைக்கிளிலேயே பின்னால் ஏறி வீடு திரும்புவாள்.

இன்று அவளுடைய தீர்மானத்துக்கு அவர் கை தூக்கினார்.

"திடீர்னு ஏன் இந்தப் பக்கம்? இது சந்தர்ப்பவாதம். தோழரை நீக்கணும்" என்றது அஞ்சுகத்தின் குரல்.

இரண்டு கோஷ்டியும் சேர்ந்து ஓட்டுப் போட்டது அதுவே முதல் தடவை.

தன் நீக்கத்தைத் தானே மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டு, வைரக்கண்ணு சைக்கிள் சாவியை எடுத்தார்.

"வீட்டுக்குப் போலாமா, அஞ்சு?"

"அது அஜெண்டாவுலயே இல்லையே, தோழர்."