கட்டிலின் இடப்பக்கம்

தட்டில் நான்கு இட்லி. ஆவுடையப்பன் வலப்பக்கம் இருந்த இரண்டைத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ரெண்டே ரெண்டுதான் வைக்கிறார்கள் என்று புகார் வேறு.

ரெஜினா சிஸ்டர் தட்டின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பை விரலால் தட்டினாள். அது தெரியும்வரை பாருங்கள் என்றாள். பார்த்துவிட்டேனே என்றார் அவர். பொய் சொல்லவில்லை, பாவம். அவர் உலகத்தில் அந்தப் பாதித் தட்டே கிடையாது.

பட்டினி போட மனம் வராமல் கடைசியில் தட்டைத் திருப்பி வைத்தாள். ஒன்பதாவது நாளாகத் தோற்றது அவள்தான்.

ஆவுடையப்பன் பஸ் டிரைவர். பக்கவாதம் மூளையின் வலது பாதியில் அடித்திருந்தது. பேச்சு தப்பித்துவிட்டது. கண்ணிலும் கோளாறு இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மட்டும் மூளை அடியோடு மறந்துவிட்டது.

அந்தப் பக்கம்தான் அவர் மனைவி செண்பகவடிவு உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் தொடும் தூரம்.

வடிவு இன்றைக்கும் வரவில்லையா என்று அவர் கேட்பார். இங்கேதான் இருக்கிறேன் என்பாள் அவள். குரல் வந்ததும் அவர் வலப்பக்கம் திரும்பித் தேடுவார்.

அங்கே சுவர்தான் இருந்தது.

கட்டிலைச் சுவரோடு சேர்த்துத் தள்ளிப் போட்டது ரெஜினா சிஸ்டர். முதல் நாளே போட்டுவிட்டாள். அதுவரை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிகிற பக்கமாகப் போய் நின்றார்கள். தண்ணீர், பேப்பர், போன் எல்லாம் அங்கேயே போய்ச் சேர்ந்தன. பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் எல்லாம் வலப்பக்கமே கிடைத்தால் மூளை எதற்காக இடப்பக்கம் திரும்பப் போகிறது? இனிமேல் வருகிற ஆளும் சோறும் இடப்பக்கமாகத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வார்டில் அவளுக்குப் பெயர். நரம்பியல் வார்டில் பதினாலு வருடம். முயல் பல தடவை மூன்று காலோடு எழுந்து நடந்தும் இருக்கிறது.

மகன் கோமதிநாயகத்துக்கு இது பிடிபடவில்லை. பெற்ற தாயைக் கண்ணில் படாத இடத்தில் உட்கார வைத்துக் கொடுமை செய்கிறாள் என்று தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னான். எதற்கு வம்பு, விட்டுக்கொடுத்துவிடு என்றாள் தலைமை நர்ஸ். நான்கு மணி வரை தவணை கேட்டு வாங்கியிருந்தாள் ரெஜினா.

திட்டியவர்களைச் சமாளித்துவிடலாம். வடிவு திட்டவே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நான்கு மணி ஆயிற்று.

கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்த மகன் இரண்டு வார்டு ஊழியர்களோடு வந்தான். கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தான்.

வடிவு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"படியில ஒரு ஆள் தொங்குனாக்கூட வண்டிய எடுக்க மாட்டாவ. முப்பது வருசமா கண்ணாடிய பாக்காம எடுத்ததில்ல. இப்ப பக்கத்துல இருக்க என்னையத் தெரியல."

ரெஜினாவின் கை தானாக எழுந்து மகனை நிறுத்தியது.

பஸ்ஸுக்குப் படி இடப்பக்கம்.

ஒன்பது நாளாக ஒரு நோயாளியிடம் அல்லவா கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே. தன் மீதே கோபம் வந்தது.

கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். மூன்று அண்ணன்களோடு வளர்ந்தவள். இரண்டு விரலை மடக்கி நாக்கடியில் வைத்தாள்.

'அமைதி' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்று, வண்டியை எடுக்கச் சொல்லும் கண்டக்டர் மாதிரி இரண்டு விசில் அடித்தாள்.

வார்டுக்கே தூக்கிவாரிப் போட்டது. தலைமை நர்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

ஆவுடையப்பனின் வலது கை போர்வைக்கு மேல் எழுந்தது. இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்தது.

வண்டியை எடுக்கவில்லை.

தலை அசைந்தது. சுவரை விட்டு நகர்ந்தது. நடுவில் வந்து நின்றது. ஒன்பது நாளும் அங்கேதான் நின்றுபோகும்.



இன்னும் நகர்ந்தது. ஜன்னல். குளுக்கோஸ் கம்பி. சிவப்பு டேப் ஒட்டிய டம்ளர்.

ஒரு நீலச் சேலை.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏளா, நீ எந்த ஸ்டாப்புல ஏறுன?"

மகனின் கை கட்டிலை விட்டது.

ரெஜினாவுக்குப் பெருமையாக இருந்தது. அதை ஒளிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. திட்டுவதற்காக வந்த தலைமை நர்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

ஒரு தடவை திரும்பினால் போதாது, மாதக்கணக்கில் பழக்க வேண்டும் என்றார் மாலையில் வந்த டாக்டர். அது ரெஜினாவுக்குத் தெரியாததா?

மறுநாள் காலையில் தட்டில் மூன்று இட்லி தீர்ந்திருந்தது. ஒன்று மிச்சம்.

கோமதிநாயகம் அம்மாவுக்காக நாற்காலியைத் தலைமாட்டுக்கு அருகில், அப்பாவின் பார்வைக்கு நேராக இழுத்துப் போட்டுவைத்தான்.

வடிவு வந்தாள். ரெஜினாவை ஒரு தரம் பார்த்தாள்.

நாற்காலியைத் தூக்கினாள். முன்பு இருந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் வைக்காமல், இடப்பக்கமாக இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டாள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவரைக் கூப்பிடவில்லை.