செல்களுக்கு மூன்று நாள் லீவு

சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்கும் தவசியின் பாதத்தைக் கம்பி கிழித்து நான்கு நாளாகிவிட்டது. புண்மேல் ஒட்டிய பட்டைக்குள் கடுகளவு நுண்ணோக்கி ஒன்று உட்கார்ந்து ஓயாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தது. புண்ணை மூட எந்தச் செல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அந்தப் படங்களைப் பார்த்து மென்பொருள் ஏஜெண்டுகள் அளந்து, நேரே மேஸ்திரி சீனிவேலுக்கு அனுப்பிவிடும். அவை சொன்னால்தான் லீவு.

"செல்லு நல்லா நகருதாம்யா. நாளைக்கு வந்துரு," என்றார் மேஸ்திரி போனில்.

தவசி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். "எங்கண்ணே நகருது, கையிலதான இருக்கு."

"அது இல்லய்யா. ஒங் கால்ல இருக்கிற உயிர்ச்செல்லு."

மறுநாள் வீங்கிய காலோடு போய் ஒன்பது மூட்டை இறக்கினான். பத்தாவது தோளில் ஏறியபோது மேஸ்திரியின் போன் கத்தியது. வாசித்த மேஸ்திரி முகத்தைச் சுளித்தார்.

"செல்லெல்லாம் களைச்சுப்போயி நின்னுருச்சாம். அதுகளுக்கு மூணு நாள் கட்டாய ஓய்வு குடுக்கணுமாம்."

முப்பது வருடமாகத் தவசி வாய்விட்டுக் கேட்டும் கிடைக்காதது, வாயே இல்லாததுகளுக்கு ஒரே காலையில் கிடைத்துவிட்டது. அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் துண்டை உதறினான்.

"நீ எங்கய்யா கெளம்புற? லீவு செல்லுக்குத்தான் போட்டிருக்கு. ஒம் பேரு இதுல இல்ல."

"சரிண்ணே. அதுகள வீட்டுல விட்டுட்டு உடனே வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு, தவசி நொண்டிக்கொண்டே வெளியே நடந்தான்.