சாகாத நான்கு

மணி பதினொன்றாக இன்னும் ஐந்து நிமிஷம்.

ஊத்துக்கோட்டை மலேரியா ஆபீஸில், ஈரத்துணி சுற்றிய கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் செங்கல்வராயன் உட்கார்ந்திருந்தான். உள்ளே இருபது கொசுக்கள். வீடு வீடாகப் போய்ச் சுவரில் உட்கார்ந்த கொசுவைப் பிடித்து வருவதுதான் அவன் உத்தியோகம். ஊரில் அவனுக்குக் கொசுக்காரன் என்றே பெயர்.

நேற்று அந்தக் கொசுக்களை ஒரு மணி நேரம் டி.டி.டி. தடவிய காகிதத்தோடு அடைத்து வைத்து, பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றினார்கள். இன்று பதினொரு மணிக்குத் தட்டிப் பார்க்க வேண்டும். பறந்தால் உயிர். விழுந்து கிடந்தால் சாவு.

எல்லாம் செத்திருக்க வேண்டும் என்று பெரியபாளையத்து அம்மனை வேண்டிக்கொண்டான். கொசு சாவதற்கு யாராவது சாமியைக் கூப்பிடுவார்களா? அவன் கூப்பிட்டான்.

வீட்டில் ஆறு வயது மகள் ரத்னாவுக்கு முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லி வைத்தாற்போல் பதினொரு மணிக்குக் குளிர் தூக்கிப்போடும். முந்தாநாள் கம்பளியைப் போட்டு, மேலே அவன் மனைவி கங்கம்மாள் படுத்து அழுத்தியும் நடுக்கம் நிற்கவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இன்று முறை நாள். மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்டிருந்தால் இன்று குளிர் வராது.

பதினொன்று அடித்தது.

இன்ஸ்பெக்டர் பூவராகவன் வந்து குழாயை விரலால் சுண்டினார்.

ஒன்று பறந்தது. இன்னொன்று. மூன்று. நான்கு.

செங்கல்வராயன் குனிந்து பார்த்தான். மற்ற பதினாறும் அசையவில்லை.

"மருந்து பழகிப் பூட்ச்சா சார்?"

"பழகல்லாம் இல்லப்பா. மருந்து வர்றதுக்கு முன்னாடியே சாவாத கொசு நாலு இருந்திருக்கும். மத்தது செத்துது, இதுங்க மட்டும் முட்டை போட்டுக்கினே இருந்துது. யார் மேலயும் கோவம் இல்லாத சட்டம் இது."

அதுதான் அவனைப் பயமுறுத்தியது. கோபம் இருந்தால் காலில் விழலாம். வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வரலாம். கோபமே இல்லாததிடம் எதைச் சொல்லிக் கெஞ்சுவது?

காய்ச்சல் கிருமிக்கும் இதே சட்டம்தானா? மாத்திரைக்குச் சாகாத நான்கு, ரத்னாவின் உடம்புக்குள்ளும் இருக்குமா?

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார். எந்த வீட்டில் பிடித்தது என்று கேட்டார்.

"எங்க ஊடுதான் சார். பொண்ணு படுத்துக்கினு இருக்கிற பாயாண்ட, சுவத்துல."

அவர் பேனா நின்றது.

மருந்தடித்த மறுநாளே ஊரில் எல்லோரும் சுவரைச் சாணி போட்டு மெழுகிவிடுவார்கள். செங்கல்வராயன் வீட்டில் மட்டும் மெழுக விட்டதில்லை. மலேரியா ஆபீஸில் வேலை பார்ப்பவன் வீடல்லவா? மருந்தடித்த தேதி, 4-8-73, இன்னும் அந்தச் சுவரில் அழியாமல் இருந்தது. சாகிற கொசு அங்கே செத்துக்கொண்டே இருந்தது; சாகாதது மட்டும் பெருகிக்கொண்டே வந்தது.

குழாயில் நான்கின் வயிறும் கறுத்திருந்தது. நேற்று விடியற்காலையில் பிடிக்கும்போது ரத்னாவின் ரத்தம் குடித்துச் சிவந்திருந்த வயிறு.

"சர்க்கரைத் தண்ணி வை. முட்டை போடுற வரைக்கும் இதுங்க சாவக் கூடாது, அந்தக் குஞ்சுங்களையும் சோதிச்சுப் பார்க்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

குழாயை ஒரு தரம் தரையில் அடித்தால் போதும். கையில் எடுத்தே விட்டான்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. கங்கம்மாளின் பிறந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒரு காய்ச்சல் வருஷத்தில் நான்கு பேர் போய்விட்டார்கள். அவள் மட்டும் பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாளாம். அதிர்ஷ்டம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அவளும் சாகாததில் ஒன்றுதானோ, அவள் ரத்தம்தானே ரத்னாவுக்கும்?

குழாயைக் கீழே வைத்தான். பஞ்சைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயில் வைத்தான். மணி பதினொன்று பத்து. இந்நேரம் வீட்டில் குளிர் வந்திருக்கும். அல்லது வந்திருக்காது.

ஒரு கொசு இறங்கி வந்து பஞ்சில் உட்கார்ந்தது.

"உங்கம்மா மாதிரி எழுந்து கஞ்சி கேளு கண்ணு" என்றான், அதைப் பார்த்துக்கொண்டே.