யோகலிங்கத்தாரின் அபிப்பிராயம்

பாட்டு முடிந்தபோது யோகலிங்கத்தார் கொட்டில் வாசலில் கண் கலங்கி நின்றார். சுமன் கிட்டாரை மடியில் வைத்தபடியே அஜந்தனின் காலை மெல்ல மிதித்தான்.

"பாத்தியே மச்சான்? ஐயா அழுகிறார்."

கருங்காலி என்ற பெயரில் இரண்டு பேரும் மூன்று வருடமாக மெட்டல் இசை வாசிக்கிறார்கள். சுமன் பாட்டும் கிட்டாரும், அஜந்தன் டிரம்ஸ். அவர்களுடைய பாட்டுக்குக் காதைப் பொத்தினவர்கள் உண்டு, எழும்பி ஓடினவர்களும் உண்டு. அழுதவர் இவர்தான் முதல் ஆள்.

வவுனியா டவுனில் பயிற்சிக்கு எடுத்த அறையிலிருந்து ஒரே கிழமையில் அயலட்டை கூடித் துரத்திவிட்டது. பிறகு கனகராயன்குளத்தில் தன் வயற்கரைக் கொட்டிலை, கரண்டோடு சேர்த்துச் சும்மா தந்தவர் யோகலிங்கத்தார்தான். பின்னேரம் வந்து நன்றாக இருட்டும்வரை வாசிப்பார்கள். ஒருநாள் வராவிட்டாலும் போன் எடுத்து, "ஏன் தம்பி வரேல்லை?" என்று கேட்பார்.

அந்த நல்ல மனம்தான் சுமனை அரித்தது. உப்பிட்ட மனிதரின் காதையல்லவா நாள்தோறும் கிழிக்கிறோம் என்று படுக்கையிலும் புரளுவான். வந்த புதிதில் ஒருநாள் அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து, பெரிய ஸ்பீக்கரைத் தன் கையாலேயே காட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். பாவம், வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதர். அதை நினைத்தாலே சுமனுக்கு முகம் கூசும்.

அதனால்தான் போன கிழமை பாதையையே மாற்றினான். தொண்டை கிழியக் கத்துவது நின்றது, டிரம்ஸ் தூசி பிடித்தது, மெல்லிய குரலும் கிட்டாரும் மட்டும் மிஞ்சின. ஸ்பீக்கரையும் மரியாதையாக வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தான். முதல் பாட்டைப் பதிவுசெய்து போனில் ரசிகர்களுக்கு அனுப்பி அபிப்பிராயமும் கேட்டான்.

வந்த பதில்களை அஜந்தன் இப்போதும் போனை எடுத்து ருசித்து ருசித்து வாசித்தான். கைக்கு வேலை இல்லாமற் போனவன் அவன்தானே.

"'தாலாட்டோ அண்ணை?' எண்டு ஒருத்தன் கேக்கிறான். 'கருங்காலி வாழைத்தண்டாப் போச்சு' எண்டு இன்னொருத்தன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காப் போச்சு மச்சான்."

"அவையள் போனிலை கேக்கிறவை. ஐயா நாளும் பொழுதும் நேரிலை கேக்கிறவர். அவர் நல்லதெண்டு சொன்னால் எனக்குக் காணும்."

"அவருக்கும் பிடிக்கேல்லை எண்டால்?"

"பழையபடி கத்துவம். ஆனால் ஐயாவின்ரை கண்ணைப் பார். பிடிக்காத முகமோ அது?"

சுமன் எழும்பி வாசலுக்குப் போனான்.

"ஐயா, புதுப் பாட்டு எப்பிடி? ஒளிக்காமல் சொல்லுங்கோ."

"நல்ல பாட்டுத்தான் தம்பி. கோயில்லை இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"இவ்வளவு நாளும் உங்களைப் படாத பாடு படுத்திப்போட்டம் ஐயா. எனக்கு மனசுக்குள்ளை ஒரே குத்தல். உங்களுக்காகத்தான் மாத்தினனாங்கள்."

"எனக்காகவோ?" யோகலிங்கத்தார் தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார். "நான் கரைச்சல் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே தம்பி."

"நீங்கள் சொல்லமாட்டியள் ஐயா. எங்களுக்குத் தெரியாதோ?"

இத்தனை நாள் பாரம் இறங்கிவிட்டது சுமனுக்கு. கண்ட கண்ட பெடியளின் நக்கலெல்லாம் இனி எந்த மூலைக்கு? திரும்பி அஜந்தனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"ஒருக்கா இஞ்சாலை வாங்கோ," என்று யோகலிங்கத்தார் அவன் கையைப் பிடித்துக் கொட்டிலின் பின்பக்கம் கூட்டிப்போனார். ரோட்டால் வந்து ரோட்டாலேயே போய்விடும் டவுன் பெடியள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அஜந்தனும் பின்னால் வந்தான்.

வருகிற கிழமை வெட்ட இருந்த நெல். காட்டோரம் தொடங்கிக் கொட்டிலடிவரை பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது. ஈரமண்ணில் சட்டி அளவில் வட்ட வட்டமாகக் குழிகள்.

சுமன் ஒரு குழியின் பக்கத்தில் குந்தினான். "இது... எப்ப ஐயா?"

"ராத்திரி. மனிசி விடியத்தான் கண்டவா. அப்ப துவங்கி ஒரு வாய் தண்ணியும் குடிக்கேல்லை."

"ஐயோ, எங்களுக்கு ஒண்டும் தெரியாது ஐயா."

"உங்களிலை என்ன பிழை? நான்தான் முதலே சொல்லியிருக்கவேணும். கொட்டிலைத் தரேக்கை, பாட்டுக்குத்தான் கூப்பிடுறன் எண்டு நினைச்சுச் சந்தோசமா வந்தியள். அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

அவர் ஏசியிருந்தால் சுமன் தாங்கியிருப்பான். அவர் ஏசவில்லை. கொட்டிலுக்குள் போய் ஸ்பீக்கரைக் கட்டிப் பிடித்து நகர்த்தி, மறுபடியும் காட்டுப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு டிரம்ஸில் கிடந்த தூசியைத் துவாயால் தட்டிவிட்டு, வாசலில் குற்றவாளிபோல் நின்ற சுமனைப் பார்த்தார்.

"மிச்ச நெல்லெண்டாலும் வீடு வரவேணும். யானை உங்கடை பழைய பாட்டுக்குத்தான் பயம், தம்பி."