மோதிர விரல்

பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் மனைவி பற்றவைத்துவிடுவாள். அதற்குள் அவன் எப்படியாவது தப்பித்தாக வேண்டும்.

இழுத்துப் பார்த்தான். வலி உயிர் போனது, விரல் மட்டும் வரவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அவன் செய்த காரியம் இது. ஏர் ஃப்ரையருக்குள் கையை விட்டு, மேலே இருக்கும், சூடேற்றும் காயிலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காயிலுக்கு அடியில் ஒரு கம்பி வலை. அதன் இடுக்கில் ஒட்டியிருந்த கரியை நோண்ட விரலை நுழைத்தபோது கல்யாண மோதிரமும் கூடவே உள்ளே போனது. திரும்பும்போது மோதிரம் கம்பியில் கொக்கி போட்டு நின்றுகொண்டது. கல்யாணத்தன்று வழுக்கிக்கொண்டு ஏறிய மோதிரம்தான். இப்போது விரல் பருத்துவிட்டது.

மிஷினோடு எழுந்து ஓடவும் வழியில்லை. மேடைக்கு மேலே மரச்சட்டம் அடித்து அதற்குள் அதை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது. பிளக், ஸ்விட்ச் எல்லாம் அதற்குப் பின்னால். கழுவும் முன் மெயினை அணைக்க வேண்டும் என்று அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லி அவன் காதில் வாங்காதது அது ஒன்றுதானா என்ன?

கூடை வெளியே இருந்தால் மிஷின் சூடாகக் கூடாதுதான். ஆனால் அதைத் தடுக்கும் குட்டி ஸ்விட்ச் கெட்டு மாதக்கணக்காகிறது. “ஞாயித்துக்கிழமை பாக்கறேன்” என்று அவன் நாளைக் கடத்த, அவளே ஒரு ரப்பர் துண்டை அதில் செருகி ஓட்டிக்கொண்டிருந்தாள். கூடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது அது சூடாகும்.

தினமும் பஸ்ஸில் இருந்தபடியே அவள் செல்போனில் தட்டுவாள். உடனே இங்கே மிஷின் பேசும். “உரிமையாளர் இணைந்தார். சூடேற்றம் தொடங்குகிறது.” அவள் வந்து சேர்வதற்குள் உள்ளே கணகணவென்று இருக்கும். கூடையைக் கழுவு, காயிலைத் துடை என்று மற்ற நேரமெல்லாம் நச்சரிக்கும் அந்தக் குரலுக்கு அவன் வைத்த பெயர் சின்ன மாமியார்.

நேற்று மிஷின் புகைந்து வீடே நாறிவிட்டது. வழக்கமாக அவள் ஒரு பிடி பிடித்திருப்பாள். நேற்று, “இனிமே இதைப் பத்திக் கேக்க மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அதனால்தான் இந்த லீவு. அவள் வரும்போது மிஷின் பளபளவென்று இருக்க வேண்டும், அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க வேண்டும். மேடையில் எப்போதும் சுருண்டு கிடக்கும் அவளுடைய சார்ஜரைக்கூட இன்று காணோம். இடம் கிடைத்ததே என்று சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை அங்கே வைத்தான். விரல் மாட்டிய பதற்றத்தில் அதுவும் கவிழ்ந்து தரையெல்லாம் நுரை.

செல்போன் ஹாலில். கதவு உள்தாழ்ப்பாள். மிச்சமிருந்தது சன்னல்தான்.

“டீச்சர்! டீச்சர்!”

எதிர்வீட்டுச் சமையலறையிலிருந்து ரிட்டையர்டு டீச்சர் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, யாரையோ உள்ள தேடற மாதிரி நிக்கறீங்க?”

“விரல் மாட்டிக்கிச்சு டீச்சர்! என் வொய்ஃபுக்கு ஒரு போன் போட்டு, மிஷினை ஆன் பண்ணிடாதேன்னு சொல்லுங்க. பண்ணா என் கை வெந்துடும்!”

“அடப்பாவமே! எண்ணெய் போட்டு இழுங்களேன்.”

“எண்ணெய் எட்டலை டீச்சர்!”

“சரி, கதவைத் திறங்க. நானே வரேன்.”

“திறக்க முடிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்?”

டீச்சர் போனைக் காதில் வைத்தார். “ரிங் போகுது. எடுக்கலையே… சார்ஜ் இல்லையோ என்னவோ?”

“அதெல்லாம் இருக்கும். சார்ஜரையே கையோட எடுத்துட்டுப் போயிருக்கா. மறுபடி போடுங்க.”

“கட் பண்ணிடுச்சு தம்பி.”

“பஸ்ல கூட்டமா இருக்கும். ஒரு மெசேஜ் தட்டி விடுங்க டீச்சர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்!” கும்பிட அவனிடம் ஒரு கைதான் இருந்தது.

“கண்ணாடியை எங்க வெச்சேன்…” என்று முணுமுணுத்தபடி டீச்சர் உள்ளே போனார். போனவர் போனவர்தான்.

சன்னலில் வெளிச்சம் மங்கியது. அவள் ஆபீஸ் விட்டிருக்கும். பஸ் வந்திருக்கும். இடமும் கிடைத்திருக்கும். இந்த ஊரில் இத்தனை பேர் இருக்க, ஒரு டப்பாவிடம் மாட்டிக்கொண்டு சாகக் கிடக்கிறோமே என்று அழுகையே வந்துவிட்டது.

மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

“உரிமையாளர் இணைந்தார்.”

“வேண்டாம்மா! தொடாதே!” கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினான். “இனிமே தினமும் நானே கழுவறேன். ஸ்விட்சை நாளைக்கே மாத்திடறேன். சத்தியமா!”

ஒரு நொடி. இன்னொரு நொடி. காயில் சில்லென்றே இருந்தது.

மெதுவாகக் கண்ணைத் திறந்தான். டீச்சருக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது போல. மெசேஜைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். அவளே வந்து, தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே விரலை எடுத்துவிடுவாள்.

சின்ன மாமியார் மறுபடி வாயைத் திறந்தது.

“பழைய உரிமையாளர் விலகிவிட்டார். இனி எல்லாம் உங்கள் பொறுப்பு.”