இரண்டாவது பிரேக்

ஜூலை 17, வியாழன்.

நேற்று எழுதியதில் ஒரு தவறு. நாய் குறுக்கே ஓடி வந்தது என்று எழுதிவிட்டேன். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தது.

அவன் எழுதியதை ஒரு முறை படித்தான். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, நேற்றைய வரியை நேராக அடித்தான்.

மாட்டாஸ்பத்திரி வராந்தா. சிமெண்ட் பெஞ்ச். வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. ஆறு மணிக்கு மாலைக் கல்லூரியில் வகுப்பு. இன்றும் போக முடியாது.

உள்ளே பூரிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னங்கால் உடைந்திருக்கிறது. பிழைத்துக்கொள்ளும், ஆனால் நொண்டும் என்றார் டாக்டர்.

பூரி, இஸ்திரி வண்டி தவசியின் நாய்.

"குட்டியில அப்பிடி உப்பிப்போய் இருக்கும் தம்பி. அதான் பூரி."

யாரும் கேட்காமலே சொன்னார். பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்திருந்தார். கையில் அறுந்த கயிறு.

"கயிறு இத்துப்போச்சு. மாத்துங்க மாத்துங்கன்னு வீட்ல சொல்லிட்டே இருந்தா. காதுல வாங்கல. என் தப்புதான்."

"இல்லண்ணே. ஓட்டுனது நானு."

தூணைப் பிடித்தபடி நின்றிருந்த கனகவல்லி அக்கா சொன்னார். நேற்று நாயை முந்தானையில் சுற்றித் தூக்கியது அவர்தான். வழி முழுக்க மடியில் வைத்திருந்தார்.

"அது மிருகம்மா. நாமதான் கட்டணும்."

"ரோடுன்னா நாலும் வரும்ணே. நாமதான் நிறுத்தணும்."

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் பேனா மூடியைத் திருகினான். மூடி ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அக்காவின் கணவருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. வீட்டில் கார் சும்மா நிற்கிறது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. அதற்காகத்தான் அக்கா ஓட்டக் கற்க வந்தார். வந்து மூன்று வாரம் ஆகிறது.

"எப்பவும் மிதிக்கிற மாதிரிதான் மாஸ்டர் மிதிச்சேன். அப்பல்லாம் நின்னுச்சு. நேத்து மட்டும் நிக்கலையே."

அவன் வாசலைப் பார்த்தான்.

"எனக்கு இது வராது. காரக் குடுத்துரலாம்னு அவர்ட்டயும் சொல்லிட்டேன். நாளையில இருந்து வரல மாஸ்டர்."

கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் பிரேக்கை அழுத்துவதில்லை. தொடுவார்கள்.

மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்தில், காலடியில், இன்னொரு பிரேக் இருக்கும். அவர்கள் தொடும்போது அவன் அழுத்துவான். கார் நிற்கும்.

"நல்லா நிறுத்துறீங்கக்கா" என்பான்.

அக்காவின் முகம் மலரும்.

பயம் தெளிவதற்காக எல்லா மாஸ்டர்களும் செய்வதுதான். ரோட்டைப் பாருங்கள், கீழே பார்க்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அக்கா சொன்னதைக் கேட்பவர். ஒரு நாளும் கீழே பார்க்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொன்னார். "கத்துக்குடுக்குறதுக்கு இல்லடா ஒனக்குச் சம்பளம். அந்த பிரேக்குல கால வச்சிருக்குறதுக்குத்தான்."

நேற்று அவன் கால் அங்கே இல்லை.

விடிந்ததிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டக் கற்க வந்தார்கள். கெண்டைக்கால் கடுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி, சீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தான்.

பூரி இஸ்திரி வண்டியிலிருந்து எதிர்த்த டீக்கடைக்கு நடந்தது. தினமும் தவசியோடு போகிற வழி. அதற்கு ஓர் அவசரமும் இல்லை.

அக்கா அதைப் பார்த்தார். "மாஸ்டர்" என்றார். பிரேக்கைத் தொட்டார்.

நேற்றே முதலாளிக்குப் போன் செய்தான். அவர் சொன்னார்.

"நாய் ஓடி வந்துச்சு, அந்தம்மா மேல ஏத்திருச்சு. அவ்வளவுதான்."

"நடந்துதாண்ணே வந்துச்சு."

"நாய்னா ஓடித்தான்டா வரும். நீ வாயத் தொறந்தேன்னா நாளைக்கு அந்த சீட்ல வேற ஆளு."

'ஓடி வந்தது' என்ற அந்த வார்த்தையைத்தான் இரவு டைரியில் எழுதியிருந்தான். எழுதும்போது அது தன் வார்த்தை மாதிரியே இருந்தது.

கதவு திறந்தது. தவசி பூரியைக் கைகளில் ஏந்தி வந்தார். வெள்ளைக் கட்டு, அதன் கீழே அழுக்கான பாதம். அக்காவைக் கண்டதும் வால் ஒரு தடவை அசைந்தது.

"பாத்தியாம்மா, அது கோவிச்சுக்கல" என்றார் தவசி.

அக்கா காரின் வலது கதவு வரை நடந்தார். கை கதவின் பிடி வரை போனது. அப்படியே நின்றார். பிறகு பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

தவசி மறுபக்கம் ஏறினார். பூரியின் தலை அக்காவின் மடியில் இருந்தது.

அவன் வலது பக்க சீட்டில் உட்கார்ந்தான். சாவியைப் போட்டான். திருகவில்லை. டைரியை ஸ்டீயரிங் மேல் வைத்துத் திறந்தான். நாய் நடந்து வந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டு, தன் காலைப் பற்றி எழுதாமல் விட்டது சரியா என்று யோசித்தான். யோசித்தால் எழுத முடியாது என்றும் தோன்றியது.

"என்ன மாஸ்டர், கிளம்பலையா?"

"ஒரு நிமிஷங்க்கா."

நாளை: காலையில் காரை அக்கா வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். அக்காவை இடது பக்க சீட்டில் உட்காரச் சொல்ல வேண்டும். கீழே பார்க்கச் சொல்ல வேண்டும்.