நட்டு மறைத்த கதவு

மறுபடியும் அதே கல் பெஞ்சு. அவள் நின்று, குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஒன்றில் நீலச் செருப்பு, மற்றதில் பழுப்புச் செருப்பு.

எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு வளைவு வந்தது. வளைவைத் தாண்டினால் இடுப்பளவு புல், புல்லைத் தாண்டினால் திரும்பவும் இந்தப் பெஞ்சு. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கைக்கு எட்டும் தூரத்தில் கேட்டது. தெருவுக்குப் போகிற கதவைத்தான் காணோம்.

ஞாபகம் தப்பிப் போனவர்களுக்கான இல்லம் அது. கூடத்துக் கண்ணாடிக் கதவைத் திறந்து நர்ஸ்தான் அவளைத் தோட்டத்துக்குள் விட்டிருந்தாள். "சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் நடந்துட்டு இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மணி அடிப்பதற்குள் தெருக்கதவு கிடைத்துவிட்டால் போதும், வீட்டில் எல்லாம் பழையபடியே இருக்கும். கிடைக்காவிட்டால்? அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

தோட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் தும்பைச் செடியைத் தாங்கியபடி மறு கையால் அதன் காலடியில் மண்டிய புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தெருக்கதவு எங்க இருக்கு?"

"கதவா? இந்தத் தும்பையைப் பாருங்கம்மா. நான் விதைக்கவே இல்ல, தானா வந்துச்சு. பட்டாம்பூச்சி எப்படிச் சுத்துது பாருங்க."

"பேச்சை மாத்தாதீங்க. காலைல நீங்க எப்படி உள்ள வந்தீங்க?"

"பறந்து வந்தேன்."

"மத்தியானம் சாப்பிடப் போறது?"

"அதுவும் பறந்துதான். இறக்கையைக் கழட்டி ஷெட்டுல மாட்டியிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அழுகையும் வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பக்கத்திலிருந்த மணத்தக்காளிப் பழம் ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"தின்னுங்க, தின்னுங்க. விஷச்செடி, முள்ளுச்செடி ஒண்ணுகூட இங்க கிடையாது. எல்லாம் இந்த மண்ணுலயே முளைக்கிற சாதுங்க."

"இதுக்குப் பேர் தோட்டமா? காடு மாதிரி விட்டு வச்சிருக்கீங்க. ஒரு வேலையும் செய்யறதில்ல போலிருக்கு."

"வர்றவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வேலையே செய்யாத மாதிரி வச்சிருக்கிறதுதாம்மா இங்க வேலை. கத்தரிய எடுத்து ஒரு இடத்துல நேரா வெட்டிட்டேன்னு வைங்க, கண்ணு நேரா அங்க போய் நிக்கும்." சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். செடிக்கு நேர்க்கோடு போடத் தெரியாது. எது நேராக நிற்கிறதோ அது மனிதர் வைத்தது.

ஆவாரையின் மஞ்சளையும் பள்ளத்து நாணலின் வெள்ளைக் கதிர்களையும் கண்ணால் தடவிக்கொண்டே போனாள். கையிலிருந்த கார் சாவியால் கிளைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள். தோட்டம் மூச்சு விடுகிற மிருகம் மாதிரி அசைந்துகொடுத்தது. தன் எலும்பை மட்டும் காட்டவில்லை.

பிறகு நொச்சிப் புதருக்குப் பின்னால் அது தெரிந்தது. செங்குத்தாக ஒரு மரச்சட்டம்.

புதருக்குள் புகுந்தாள். இலைகள் கன்னத்தில் உரசின, நொச்சியின் நெடி தலைக்கேறியது. பலகை கையில் பட்டது. இரண்டு கையாலும் தள்ளினாள்.

சருகு கொட்டி மக்க வைக்கும் மரத்தொட்டி அது. அதற்குப் பின்னால் சுவர்.

தலையெல்லாம் இலையாக அவள் வெளியே வந்தபோது, பெஞ்சில் ஒரு பெரியவர் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் பஸ்ஸுக்கா?"

"ஆமா" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

"உக்காருங்க, இப்ப வந்துடும். இந்த ஸ்டாப்புல காத்து நல்லா வரும்."

அவர் சொன்னது நிஜம்தான். காற்று நாணலைச் சாய்த்துவிட்டு வந்து முகத்தில் படிந்தது. அடைபட்டவர் முகமாக இல்லை அவருடையது. ஊருக்குப் புறப்பட்டவர் முகமாக இருந்தது. அவளால் அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

திரும்பத் தோட்டக்காரரிடம் ஓடினாள். "அண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன். அந்தக் கதவை ஒரே ஒரு தடவை காட்டுங்க. நானா கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். "காட்டிட்டா அப்புறம் இவ்வளவும் நட்டு என்னம்மா பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டுப் புல்லின் பக்கம் குனிந்துகொண்டார்.

மணி அடித்தது. பெரியவர் பையை எடுத்துக்கொண்டு, பஸ் வந்துவிட்டது போலச் சுறுசுறுப்பாகக் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தார்.

நர்ஸ் வந்து, அவள் தலையிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "என்னம்மா, கதவு கிடைச்சுதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். எங்கும் இலை, எங்கும் ஒரே அசைவு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கே கிடைக்கல சிஸ்டர். இனிமே கிடைச்ச செருப்ப மாட்டிட்டுத் தெருத்தெருவாத் தேடி ஓட வேண்டாம். நாளைக்கு எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து விட்டுடறேன்."